முதன்முதலாகக் குழந்தைக்கு ஃப்ராக் தைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

புது மெஷின் வாங்கிய வீடுகளிலும் தையல் வகுப்பின் முதல் வாரங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உடுப்புதான் உதாரணம்: மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு, கை இல்லாத ஏ-லைன் (மேலே குறுகி, அடியில் விரியும்) காட்டன் ஃப்ராக். மார்புச் சுற்று 21 இன்ச், தோளிலிருந்து நீளம் 20 இன்ச். உங்கள் குழந்தையின் அளவு வேறாக இருந்தால் கணக்கை எப்படி மாற்றுவது என்பதும் கீழே இருக்கிறது.

மெஷினே இப்பதான் தொடுறேன். நேரா ஃப்ராக்ல ஆரம்பிக்கலாமா?

முதல் நாள் துணியைத் தொடாதீர்கள். நூல் கோக்காமல், ஒரு பழைய ஊசியை மாட்டி, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டுங்கள். ஊசி ஓட்டை கோட்டின் மேலேயே விழ வேண்டும். பிறகு ஒரு சதுரம் வரைந்து, மூலை வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தூக்கித் தாளைத் திருப்பிப் பழகுங்கள். கடைசியாகச் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் வரைந்து ஓட்டுங்கள். கழுத்தும் கையும் (கை நுழையும் இடம்) வளைவுதான், அதனால் வட்டம் சரியாக வரும்வரை விட வேண்டாம். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும். துணிக்கு அது ஆகாது.

கால் மெஷினாக இருந்தால் சக்கரம் எப்போதும் உங்களை நோக்கிச் சுழல வேண்டும். மிதிக்கத் தொடங்கும்போது வலது கையால் சக்கரத்தை முன்பக்கமாகத் தட்டிவிட்டு மிதியுங்கள். பின்னோக்கிச் சுழன்றால் நூல் அறுந்து, அடி நூல் இருக்கும் ஷட்டிலில் சிக்கிக்கொள்ளும்.

அம்பர்லா ஃப்ராக், நெட் வச்ச ஃப்ராக் எல்லாம் வீடியோல ஈஸியாத்தானே தெரியுது. அதையே தைக்கலாமா?

வேண்டாம். குடை போல விரியும் அம்பர்லாவின் அடிச்சுற்று பெரியது, அதில் பாதி இடம் கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டுப்படும். மடித்து அடிக்கும்போது இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். நெட், சாட்டின், ஜார்ஜெட் மூன்றும் ஃபுட்டுக்கு அடியில் வழுக்கும். ஏ-லைனில் முன்துண்டு, பின்துண்டு இரண்டு மட்டும்தான். இடுப்பில் வெட்டு கிடையாது, கை ஒட்டும் வேலை கிடையாது. கழுத்து, கை, ஓரம் (அக்குளிலிருந்து அடி வரையான பக்கத் தையல்), அடி என்று ஒவ்வொரு அடிப்படை வேலையும் ஒரு தடவை கைக்கு வந்துவிடும்.

என்னென்ன சாமான் வேணும்?

இன்ச் டேப், ஸ்கேல், தையல் சாக்பீஸ், துணிக்கென்றே தனியாக ஒரு கத்தரிக்கோல், குண்டூசி, சீம் ரிப்பர் (தையல் பிரிக்கும் கருவி), துணியின் நிறத்தில் நூல், அரை இன்ச் பட்டன் ஒன்று. பாப்ளின், கேம்பிரிக் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி. மல் போல மெல்லிய துணிக்கு 11. அயர்ன் பாக்ஸையும் பக்கத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு தையல் முடிந்ததும் தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், உடுப்பு கடையில் தைத்த மாதிரி வரும். பலர் இதைக் கடைசியில் ஒரேயடியாகச் செய்கிறார்கள். அதற்குள் உள்மடிப்புகள் கோணலாகப் படிந்துவிடும்.

குண்டூசியை எண்ணி எடுங்கள், எண்ணித் திரும்ப வையுங்கள். குழந்தை போடப்போகும் உடுப்பு இது.

எந்தத் துணி, எத்தனை மீட்டர் எடுக்கணும்?

காட்டன் பாப்ளின் அல்லது கேம்பிரிக். சின்னப் பூ போட்டதாக எடுத்தால் தையல் கொஞ்சம் கோணினாலும் தெரியாது. கோடு, கட்டம் போட்ட துணியில் கால் இன்ச் கோணல்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். பனியன் துணி இழுபடும், அதற்கு வேறு ஊசி வேண்டும், இப்போது வேண்டாம்.

கடையில் பன்னா (துணியின் அகலம்) எவ்வளவு என்று கேளுங்கள். 44 இன்ச் பன்னா என்றால் 1 மீட்டர் போதும். 36 இன்ச் என்றால் 1¼ மீட்டர். ஃப்ராக்கின் ஒவ்வொரு துண்டும் அடியில் 20 இன்ச் அகலம், 22 இன்ச் நீளம் பிடிக்கும். 44 பன்னாவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துவிடும், மீதித் துணியில் கழுத்து, கை விளிம்புகளை மூட கிராஸ் பட்டி வெட்டலாம். 36 பன்னாவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத்தான் வரும்.

துணியை நனைச்சே ஆகணுமா? புதுத்துணி மொடமொடப்பு போயிடுமே?

போகட்டும். காட்டன் முதல் சலவையில் சுருங்கும், அதுவும் நீளவாக்கில்தான் அதிகம். தைத்த பிறகு சுருங்கினால் ஃப்ராக் ஒரு இன்ச் வரை ஏறிவிடும். தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவைத்து, லேசான ஈரத்திலேயே தேய்த்துவிடுங்கள். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

குழந்தை ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. அளவு எப்படி எடுக்கிறது?

குழந்தையை நிறுத்தி எடுக்க முடிந்தால் மூன்று அளவு போதும்: அக்குளுக்கு அடியில் மார்பைச் சுற்றி, ஒரு தோள் நுனியிலிருந்து மறு தோள் நுனி வரை, தோளிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை நீளம். டேப்புக்குள் இரண்டு விரல் போகும்படி பிடியுங்கள்.

முடியாவிட்டால், இப்போது சரியாக இருக்கும் காட்டன் ஃப்ராக் ஒன்றைத் தரையில் விரித்து அளந்துகொள்ளுங்கள். அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்ததை இரண்டால் பெருக்கினால் அது உடுப்பின் சுற்று. அதற்குள் லூஸ் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த பதிலில் வரும் லூஸைத் திரும்பவும் சேர்த்தால் ஃப்ராக் தொளதொளவென்று ஆகிவிடும். இது அடிக்கடி நடக்கிற தவறு. டி-ஷர்ட்டை வைத்து அளக்காதீர்கள். அது இழுபடும் துணி என்பதால் அளவு சிறியதாகவே காட்டும்.

அளவைத் துணியில எப்படிப் போடுறது?

44 பன்னாத் துணியின் இரண்டு கரைகளையும் நடுவில் சந்திக்கும்படி மடியுங்கள். இரண்டு பக்கமும் 11 இன்ச் மடிப்பு கிடைக்கும். ஒன்றில் முன்துண்டு, மற்றதில் பின்துண்டு. 36 பன்னாவாக இருந்தால் ஒரு கரையை மட்டும் 11 இன்ச் உள்ளே மடித்து, ஒன்றின் கீழ் ஒன்றாகப் போடுங்கள். பாதியாக மடித்தால் மீதித் துணி உபயோகமில்லாமல் சிதறும். எப்படி மடித்தாலும் கரை ஓடும் திசைதான் ஃப்ராக்கின் நீளம்.

துணியின் மேல் விளிம்பிலிருந்து அரை இன்ச் இறக்கி ஒரு கோடு போடுங்கள். மேலே விட்ட அரை இன்ச் தோள் தையலுக்கு. இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்தும் மடிப்பிலிருந்தும்தான். கழுத்து அகலம் 2¼. கழுத்து ஆழம் முன்னால் 3, பின்னால் 2. தோள் 4½ (முழுத்தோள் 9இல் பாதி), தோள் நுனியில் முக்கால் இன்ச் சரிவு. கை ஆழம் 5¼, அதாவது மார்பில் கால் பங்கு. அந்த மட்டத்தில் அகலம்: மார்பில் கால் பங்கு 5¼, லூஸ் 1, தையலுக்கு ¾, ஆகமொத்தம் 7. நீளம் 20, அதற்குக் கீழ் மடிப்புக்கு 1½. அடியில் அகலம் 10. அக்குள் 7ஐயும் அடி 10ஐயும் நேர்கோட்டில் இணையுங்கள்.

இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். அடியில் ஓரப் பக்கத்தை அரை இன்ச் மேலே ஏற்றி, மடிப்பை நோக்கி மெல்ல வளைத்து இணைக்க வேண்டும். ஓரக்கோடு சாய்ந்து இறங்குவதால் நடுக்கோட்டைவிட நீளமாக இருக்கும். ஏற்றாமல் விட்டால் இரண்டு பக்கமும் கீழே தொங்கும். இன்னொன்று, முன்துண்டின் கை வளைவைப் பின்துண்டைவிடக் கால் இன்ச் கூடுதலாகக் குடைந்து வெட்டுங்கள். கை முன்னால்தான் அதிகம் அசையும். குடையாவிட்டால் அங்கே துணி திரண்டு நிற்கும்.

கழுத்துக்கும் கைக்கும் தையலுக்கென்று தனியாக விட வேண்டாம். அங்கே பட்டி விளிம்பைச் சுற்றி வரப்போகிறது.

என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. அப்ப இந்த அளவெல்லாம் என்ன ஆகும்?

மார்பளவு மாறினால் கை ஆழமும் அக்குள் அகலமும் தாமாக மாறிவிடும், ஏனென்றால் இரண்டும் மார்பில் கால் பங்கை வைத்துத்தான். மார்பு 23 என்றால் கை ஆழம் 5¾, அக்குள் அகலம் 7½. அடி அகலம் எப்போதும் அக்குளைவிட 3 இன்ச் கூடுதல். கழுத்து அகலத்தை 2½ ஆக்கினால் போதும். குழந்தை வளர்கிற வேகத்தில் கழுத்து வளராது. கழுத்தையும் அதே கணக்கில் பெரிதாக்கினால் தோளிலிருந்து நழுவும். அடி 10½ வருவதால் 11 இன்ச் மடிப்பில் இன்னும் அடங்கும், நீளத்துக்கு மட்டும் துணி கூடுதலாக எடுங்கள்.

பேப்பர்ல முதல்ல வெட்டிப் பார்க்கணுமா?

நியூஸ் பேப்பரில் வெட்டி வைத்துக்கொண்டால் அடுத்த ஃப்ராக்குக்கும் ஆகும். ஆனால் பேப்பர் மடங்குகிற மாதிரி துணி மடங்காது. பயம் இருந்தால் பழைய வேட்டித் துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள். அது வீட்டில் போடும் சிமிஸாகவே ஆகிவிடும்.

வெட்டியாச்சு. எதை முதல்ல தைக்கிறது?

வெட்டிய கையோடு, இரண்டு துண்டுகளின் கழுத்து விளிம்பிலும் விளிம்பிலிருந்து ஒரு நூல் (⅛ இன்ச்) உள்ளே ஒற்றைத் தையல் ஓட்டிவிடுங்கள். வளைவாக வெட்டிய விளிம்பு, கையில் எடுத்து வைக்கும்போதே இழுபட்டுப் பெரிதாகும். பின்னால் கழுத்து தொளதொளப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அதற்குப் பின் வரிசை: பின்பக்க ஸ்லிட் (கழுத்திலிருந்து இறங்கும் பிளவு), தோள் இரண்டும் (அரை இன்ச்), கழுத்துப் பட்டி, கைப் பட்டி, ஓரம் இரண்டும் (முக்கால் இன்ச்), அடி. ஓரத்தை மூட்டாமல் கைப் பட்டியை அடிப்பதுதான் இதில் முக்கியம். ஓரம் மூட்டிய பிறகு கை ஒரு சின்ன வளையமாகிவிடும். மூன்று வயதுக் குழந்தையின் கை வளையத்தை ஃபுட்டுக்கு அடியில் சுழற்றுவது பழகியவர்களுக்கே சிரமம். எல்லாத் தையலையும் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் ரிவர்ஸ் அடித்து நிறுத்துங்கள். ரிவர்ஸ் இல்லாத மெஷினில் நூல் நுனிகளை முடிச்சுப் போடுங்கள்.

ஸ்லிட் எதுக்கு? கழுத்தைக் கொஞ்சம் பெரிசா வெட்டினா தலை போகாதா?

போகும், ஆனால் தோளில் நிற்காது. மூன்று வயதில் தலைச் சுற்று 19 முதல் 20 இன்ச் இருக்கும். நாம் வெட்டிய கழுத்தின் சுற்று ஏறக்குறைய 15தான். பின்னால் 4 இன்ச் ஸ்லிட் கொடுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 8 இன்ச் கூடுகிறது. தலை தாராளமாக நுழையும்.

3 இன்ச் அகலம், 5½ இன்ச் நீளத்தில் ஒரு துண்டு வெட்டி மூன்று பக்கம் ஓரம் மடித்து அடியுங்கள். அதைப் பின்துண்டின் நல்ல பக்கத்தின் மேல், நடு மடிப்புக் கோட்டில், நல்ல பக்கம் உள்ளே பார்க்கும்படி வையுங்கள். மேல் விளிம்பிலிருந்து அரை இன்ச் கீழே, இடப்பக்கத்தில் 2 இன்ச் நீளத் துணிக் கயிற்றை வளையமாக மடித்து, நுனிகள் நடுக்கோட்டின் பக்கமும் வளையம் அதைவிட்டு விலகியும் இருக்கும்படி இடையில் செருகுங்கள். இது பட்டன் மாட்டுவதற்கு. நடுக்கோட்டுக்குக் கால் இன்ச் பக்கத்தில் தொடங்கி, கீழே வரவரக் கோட்டை நெருங்கி, 4 இன்ச்சில் ஊசியை இறக்கித் திருப்பி, குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டு, மறுபடி திருப்பி மேலே ஏறுங்கள்.

இப்போது நடுவில் வெட்டுங்கள். அடிமுனையில் தையலுக்கு ஒரு இழை மிச்சம் இருக்கும்வரை வெட்ட வேண்டும். முன்னாலேயே நிறுத்தினால் திருப்பும்போது முனையில் சுருக்கம் விழும்; தையலையே வெட்டிவிட்டால் அங்கிருந்து கிழியும். அந்த ஒரு குறுக்குத் தையல் இல்லாமல் கூர்முனையாகத் தைத்தாலும் துணி சுருங்கித்தான் நிற்கும். துண்டை உள்ளே திருப்பித் தேய்த்து, விளிம்பை ஒட்டி மேலே ஒரு தையல் ஓட்டுங்கள். பட்டனுக்குப் பதில் நாடா வைத்துக் கட்டலாமே என்று கேட்பார்கள். சறுக்கு மரத்திலும் கட்டில் கம்பியிலும் மாட்டிக்கொள்ளும். கழுத்துப் பக்கம் நாடா வேண்டாம்.

கழுத்துப் பட்டி வச்சா அலை அலையா நிக்குது. சில சமயம் சுருங்கிடுது. ஏன்?

முதலில் பட்டி கிராஸில் வெட்டியதா என்று பாருங்கள். துணியின் கரைக்கு 45 டிகிரி சாய்வில் வெட்டிய பட்டிதான் வளைவில் படியும். நேராக வெட்டிய பட்டி எவ்வளவு தேய்த்தாலும் படியாது. அகலம் 1¼ இன்ச். கழுத்துக்கு 18 இன்ச் நீளம் ஒன்று, கைக்கு 13 இன்ச் நீளம் இரண்டு.

பட்டி கிராஸாக இருந்தும் அலையடித்தால், தைக்கும்போது கழுத்துத் துணி இழுபட்டிருக்கிறது. சுருங்கினால், பட்டியை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். உள்வளைவு வரும் இடத்தில் மட்டும் பட்டியை இழுத்தும் இழுக்காமலும் பிடியுங்கள். தோள் தையல் பக்கம் சும்மா விடுங்கள்.

பட்டியின் நல்ல பக்கத்தைக் கழுத்தின் உள்பக்கத்தோடு சேர்த்துக் கால் இன்ச்சில் முதல் தையல். ஸ்லிட் முனைகளில் அரை இன்ச் கூடுதலாக விட்டு உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டியை விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கம் கொண்டுவந்து, நுனியைக் கால் இன்ச் உள்ளே மடித்து, முதல் தையல் மறையும்படி வெளியே இரண்டாவது தையல். இந்த வரிசையில் போனால் கண்ணுக்குத் தெரியும் தையல் நீங்கள் பார்த்துத் தைத்ததாக இருக்கும். வளைவில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு போடச் சொல்வார்களே என்றால், அது பட்டியை முழுக்க உள்ளே திருப்பும் முறைக்கு. இங்கே விளிம்பே பட்டிக்குள் போய்விடுவதால் வெட்டத் தேவையில்லை.

அடியில நூல் கொத்தா சிக்குது. பாபினை எத்தனை தடவை மாத்தினாலும் சரியாகல.

கோளாறு பெரும்பாலும் மேல் நூலில். அடியில் சிக்கும் கொத்தை உற்றுப் பாருங்கள்: அது மேல் நூலாகத்தான் இருக்கும். பிரஷர் ஃபுட்டை இறக்கிவைத்து நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருப்பதால் நூல் அவற்றின் நடுவே இறங்காமல் மேலேயே நிற்கும். அப்புறம் நூலைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. ஃபுட்டைத் தூக்கிவைத்து முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தையல் இடையிடையே விட்டுப்போனால் ஊசி. ஊசியின் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளக்கோடு ஓடும், நூல் அந்தப் பக்கமிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். தண்டின் தட்டைப் பக்கம் அதற்கு எதிர்ப்பக்கம். ஊசியை மாற்றும்போது திருப்பி மாட்டிவிட்டால் தையலே விழாது.

ஓரம் தைச்சு முடிச்சா முன்துண்டும் பின்துண்டும் அடியில ஒத்து வரல. வெட்டினது சமமாத்தானே இருந்துச்சு?

அடித்துணியை மெஷினின் பல் இழுக்கிறது, மேல்துணியை ஃபுட் அழுத்தித் தடுக்கிறது. நீளத் தையலில் மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சிக்கொண்டே வரும். அக்குள், அடி, நடு என்று முதலில் குண்டூசி குத்திவிட்டு, பிறகு இடைவெளிகளில் குத்துங்கள். ஒரு ஓரத்தை மேலிருந்து கீழாகத் தைத்தால் மற்றதையும் அப்படியே தையுங்கள். கால் இன்ச்சுக்குள் வித்தியாசம் இருந்தால் அடியில் வெட்டிச் சமன் செய்யலாம், அதற்கு மேல் என்றால் பிரித்துத் தைப்பதுதான் வழி.

உள்ள பிசிறு குத்துதுன்னு குழந்தை அழுது.

பக்கத்து டெய்லர் கடையில் ஓவர்லாக் (பிசிறு வராமல் விளிம்பைச் சுற்றிப் போடும் தையல்) அடித்து வாங்குவது சுலபம். ஓரம் மூட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள். கடை இல்லையென்றால் விளிம்பைக் கால் இன்ச் உள்பக்கம் மடித்து ஒரு தையல் ஓட்டலாம்.

மூன்றாவது வழி உள்தையல். இரண்டு துண்டையும் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் இன்ச்சில் தைத்து, விளிம்பைப் பாதியாக நறுக்கி, உள்வெளியாகத் திருப்பி, அரை இன்ச்சில் மறுபடி தையுங்கள். பிசிறு முழுக்க உள்ளே புதைந்துவிடும். நாம் விட்ட முக்கால் இன்ச் இதற்குச் சரியாக இருக்கும். மெல்லிய மல் துணிக்கு இதைவிட அழகு வேறில்லை. ஆனால் இப்படித் தைத்தால் பின்னால் பிரித்து லூஸ் விட முடியாது.

வளர்ற பிள்ளைன்னு ரெண்டு சைஸ் பெரிசா தைக்கலாமா?

கழுத்தும் தோளும் இன்றைய அளவுக்கே இருக்கட்டும். வளர்ச்சிக்கு விடவேண்டிய இடம் ஓரமும் நீளமும். ஓரத்தில் முக்கால் இன்ச் விட்டிருப்பதால், பிறகு பிரித்துக் கால் இன்ச்சில் மூட்டினால் நான்கு விளிம்பிலும் அரை அரை இன்ச்சாக மொத்தம் 2 இன்ச் கூடும். கைப் பட்டியை ஓரம் மூட்டுமுன் அடித்ததால் பட்டியும் அந்த விளிம்பு வரை இருக்கும்; ஒட்டுப்போட வேண்டியதில்லை.

நீளத்துக்கு அடி மடிப்பை 3 இன்ச்சாக விடலாம் என்று தோன்றும். ஏ-லைனில் அது சரிப்படாது. கீழே போகப்போக அகலம் கூடுவதால், மடிக்கும்போது பெரிய சுற்றைச் சின்னச் சுற்றின் மேல் படியவைக்க வேண்டியிருக்கும். மிச்சத் துணி சுருக்கமாக விழுந்து அடி முறுக்கிக்கொள்ளும். 1½ இன்ச் மடிப்பே வரம்பு: முதலில் அரை, பிறகு ஒன்று. அதிலும் சுருக்கம் வந்தால், விளிம்பில் பெரிய தையல் ஒன்று ஓட்டி, நூலை லேசாக இழுத்து, மிச்சத்தைச் சமமாகப் பரப்பித் தேய்த்துவிட்டு அடியுங்கள்.

அப்ப அடுத்த வருஷம் குட்டையாயிட்டா ஃப்ரில் வைக்கலாமா?

தாராளமாக. இந்த ஃப்ராக்கின் அடிச்சுற்று தைத்த பின் 37 இன்ச். ஃப்ரில் பட்டி அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 56 இன்ச் இருந்தால் மிதமான சுருக்கம். இரண்டு மடங்கு வைத்தால் கொசகொசவென்று அடர்த்தியாக வரும், துணியும் கனக்கும். 4 இன்ச் அகலத்தில் வெட்டினால், மேலே அரை இன்ச் தையலுக்கும் அடி மடிப்புக்கு அரை இன்ச்சும் போக 3 இன்ச் நீளம் கூடும்.

தையல் நீளத்தைக் கடைசி எண்ணுக்கு வைத்து, மேல் விளிம்பிலிருந்து கால் இன்ச்சில் ஒன்று, அரை இன்ச்சுக்குச் சற்று முன் ஒன்று என்று இரண்டு வரிசை ஓட்டுங்கள். ரிவர்ஸ் வேண்டாம். இரண்டு வரிசையின் பாபின் நூல்களையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தால் துணி சுருங்கிவரும். ஒற்றை வரிசையில் இழுத்தால் சுருக்கம் ஒருபக்கமாகச் சாயும், பாதியில் நூல் அறுந்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும். ஃப்ராக்கின் அடியையும் பட்டியையும் தனித்தனியே நான்காகப் பிரித்து அடையாளம் போட்டு, அடையாளத்தோடு அடையாளம் சேர்த்துக் குண்டூசி குத்திய பிறகே சுருக்கத்தைப் பரப்புங்கள். சுருக்கம் உள்ள துணி மேலே தெரியும்படி வைத்து, கண்ணால் பார்த்துக்கொண்டே அரை இன்ச்சில் தையுங்கள். அடியில் வைத்தால் எந்த இடத்தில் துணி மடங்கி மாட்டிக்கொண்டது என்று திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

தைச்சாச்சு, ஆனா கையைத் தூக்கினா அக்குள் இறுக்குது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

கை ஆழம் போதவில்லை. ஓரத்தைப் பிரித்து லூஸ் விட்டால் தீரும் என்று நினைப்பார்கள், தீராது. அது மார்புச் சுற்றைத்தான் கூட்டும். கைப் பட்டியின் அடிப்பாதியை மட்டும் பிரித்து, அக்குளில் கால் இன்ச் முதல் அரை இன்ச் வரை கீழே குடைந்து வெட்டி, பட்டியைத் திரும்ப வையுங்கள். குடைந்ததில் வளைவு நீண்டிருக்கும், பழைய பட்டி எட்டாது. அக்குளில் ஒரு இன்ச் ஒட்டு கொடுங்கள். ஒட்டும் கிராஸில்தான் வெட்ட வேண்டும். அடுத்த தடவை, கைப் பட்டி அடிப்பதற்கு முன் ஓரங்களைக் கையால் பெரிய பெரிய தையலாக ஓட்டி, குழந்தைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.